சொக்சோ, மருந்தடி, ஒரு வெள்ளி கிளினிக்: மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத் தொழிலாளர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, செம்பனைக் குலை வெட்டும்போது மட்டை காலில் விழுந்துவிட்டது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர், "எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) எடுத்துக்கொள், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) எதற்கு?" என்கிறார்.

பதில்: ஒத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. வெறும் எம்.சி. என்றால் உங்கள் நோய் விடுப்புதான் கரையும். பின்னால் கால் மடங்காமல் போனால், வேலையில் பட்ட அடி என்று காட்டத் தாளே இருக்காது. முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். அவர் செய்யாவிட்டால் நீங்களே சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். முதல் நாளே டாக்டரிடம் இடம், நேரம், செய்த வேலை எல்லாம் சொல்லி எழுத வையுங்கள். அட்டையில் "விழுந்தார்" என்று மட்டும் இருந்தால் இழுபறிதான். எம்.சி. மூலத்தாள், அன்றைய வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு மூன்றும் கையில் இருக்கட்டும். விடுப்பு 4 நாளுக்குக் குறையாவிட்டால் சராசரி நாள் கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். முதலாளி சந்தா கட்டவில்லை என்பதற்காக உங்கள் உரிமை போகாது.

கேள்வி: கூட வேலை செய்யும் வங்காளதேசத் தம்பிக்கு?

பதில்: வேலை விபத்துக்கு அவருக்கும் சொக்சோ உண்டு, 2019 ஜனவரி முதல். கூட்டிக்கொண்டு போய்ப் பதியுங்கள்.

கேள்வி: களைக்கொல்லி மருந்தடிக்கும்போது முதுகு நனைந்து எரிகிறது. என் மருமகளும் அடிக்கிறாள், அவள் மூன்று மாதக் கர்ப்பிணி.

பதில்: அக்கா, முதலில் முதுகில் சுமக்கும் பம்பைப் பாருங்கள். வெறும் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். மூடியில் கசிந்தால் வாசர் தேய்ந்திருக்கும், மாற்றச் சொல்லுங்கள். நனைந்த சட்டையோடு நிரை முடிக்க வேண்டாம். உடனே கழற்றி சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புண் உள்ள தோல் வழியே மருந்து வேகமாக ஏறும். கிளினிக்குக்கு மருந்தின் பெயர்ச்சீட்டைக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் டாக்டர் வெறும் தோல் அரிப்பாகப் பார்த்துவிடுவார். ஸ்டோரில் பழைய பாராகுவாட் களைக்கொல்லி இருந்தால் தொடாதீர்கள். அதற்கு முறிவு மருந்தே கிடையாது. 2002இல் வந்த தடையை 2006இல் தளர்த்தினார்கள். தொழிலாளர் அமைப்புகள் விடாமல் போராடின. 2020 ஜனவரி முதல் முழுத் தடை.

மருமகளுக்கு இன்றே தொழில்சார் மருத்துவரிடம் கடிதம் வாங்குங்கள். கர்ப்பிணியோ பாலூட்டும் தாயோ நச்சு மருந்து வேலையில் இருக்கக் கூடாது என்று அவர் எழுதினால், 2000ஆம் ஆண்டு இரசாயன விதிமுறைப்படி நிர்வாகம் வேறு வேலைக்கு மாற்றியாக வேண்டும்.

கேள்வி: அரசு கிளினிக்கில் காலை முழுக்கக் காத்திருக்கிறோம். மனு கொடுத்தால் நடக்குமா?

பதில்: "கூட்டம் அதிகம்" என்று எழுதினால் கோப்புக்குள் போய்விடும். இரண்டு வாரம் குறித்து வையுங்கள்: நம்பர் எடுத்த நேரம், டாக்டர் பார்த்த நேரம், கிடைக்காத மருந்து. ஒரு வெள்ளியில் (ஒரு ரிங்கிட்டில்) வைத்தியம் என்பது ஏழைக்குக் கடைசிப் பிடி. ஆளில்லாமல் அது தேய்ந்தால் தனியார் கிளினிக்குத்தான் இலாபம். கோரிக்கை ஒன்றே ஒன்று இருக்கட்டும், கூடுதல் டாக்டர் என்பதுபோல. மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.