வெயிலுக்கும் வரவு உண்டா?

வாசகர் கேள்வி–பதில்: இந்த மாதம் பருவநிலை

கேள்வி: பூமி சூடாவதில் நல்லதும் இருக்கிறது என்று என் மாமனார் அடித்துப் பேசுகிறார். குளிரில் சாகிறவர்கள் குறைவார்கள், ரஷ்யாவில் கோதுமை நன்றாக விளையும் என்கிறார். பதில் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவர் சொல்வது சரியா?
– வாசகி, ஈசூன்

பதில்: மாமனார் பொய் சொல்லவில்லை. கணக்கின் வரவுப் பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டுகிறார். இந்த வாதத்துக்கு வயதும் அதிகம். கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1896இலேயே கணக்குப் போட்ட சுவீடன் விஞ்ஞானி ஸ்வாந்தே அர்ரேனியஸ், வருங்காலத் தலைமுறைக்கு இதமான வானிலை வாய்க்கும் என்றுதான் நம்பினார். ஸ்டாக்ஹோம் குளிரில் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

குளிர் மரணங்களும் உண்மையே. 13 நாடுகளில் 74 மில்லியன் மரணங்களை அலசி 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு, குளிரோடு தொடர்புடையவை 7.29 விழுக்காடு, வெப்பத்தோடு தொடர்புடையவை 0.42 விழுக்காடு என்றது. இந்த எண்களைக் கேட்டதும் வாதம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் வரவு ஒருவர் பெயரிலும் செலவு இன்னொருவர் பெயரிலும் விழுகிற கணக்கு இது. பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி வடக்கே, சிங்கப்பூரில் இருக்கும் நமக்குக் குறைத்துக்கொள்ளக் குளிர்காலமே கிடையாது. 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. இங்கே அதற்கு மேல் பதிவானதில்லை. கடல்மட்டம் இந்த நூற்றாண்டின் முடிவில் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்பது 2024இல் வந்த தேசிய ஆய்வின் மதிப்பீடு. தீவில் ஏறக்குறைய 30 விழுக்காடு நிலம் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது.

அடுத்த முறை மாமா இந்தப் பேச்சை எடுத்தால், "நன்மை யாருக்கு மாமா, எத்தனை டிகிரி வரைக்கும்?" என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: கரியமில வாயுதான் செடிக்கு உணவு. அது கூடினால் நெல் விளைச்சலும் கூடாதா? இந்தியா 2023இல் செய்ததுபோல மறுபடி அரிசியை நிறுத்தினால் என்ன செய்வது, மூட்டையாக வாங்கி வைக்கலாமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: கூடும், ஆனால் எல்லாப் பயிருக்கும் இல்லை. நெல், கோதுமை ஆகியவை கூடுதல் கரியமில வாயுவைப் பயன்படுத்திக்கொள்ளும் வகை. சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு ஆகியவற்றின் இலைக்குள் அந்த வாயுவைச் செறிவாக்கும் ஏற்பாடு முன்பே இருப்பதால் அவற்றுக்குப் பெரிய லாபமில்லை.

நெல்லுக்குக் கிடைக்கும் அந்த லாபத்தையும் வெப்பம் இரண்டு இடங்களில் பிடுங்கிக்கொள்கிறது. ஒன்று, பூக்கும் நேரம். நெற்பூ காலையில் சற்று நேரம்தான் விரிந்திருக்கும். அப்போது 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் சரியாக உதிராது. கதிர் நிமிர்ந்து நிற்கும், உள்ளே பதர். இன்னொன்று, இரவு. பகலில் சேர்த்த மாவுச்சத்தைச் செடி இரவில் சுவாசித்தே செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் செலவு கூடும். பிலிப்பீன்சில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் தன் வயல்களின் நெடுநாள் பதிவுகளை வைத்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், வறண்ட பருவத்தில் இரவு வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் 10 விழுக்காடு குறைவதாகக் கண்டது. போதாக்குறைக்கு, கரியமில வாயு மிகுந்த காற்றில் வளர்ந்த அரிசியில் புரதமும் இரும்பும் துத்தநாகமும் குறைகின்றன. குவியல் பெரிதாகலாம், சத்து சிறுக்கும்.

2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா நிறுத்தியது பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை. புழுங்கல் அரிசிக்குத் தடை இல்லை, அடுத்த மாதம் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டார்கள். தேக்காவில் இட்லி அரிசி மூட்டைகள் தொடர்ந்து கிடைத்ததற்கு இதுவே காரணம். இங்கே அரிசி இறக்குமதியாளர்கள் தங்கள் மாத இறக்குமதியைப் போல் இரு மடங்கை இருப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே மூட்டை மூட்டையாக வாங்காதீர்கள். நம் ஈரக்காற்றில் நெல்வண்டு ஒரு மாதத்துக்குள்ளேயே முட்டையிலிருந்து வண்டாகிவிடும். 5 கிலோ பை போதும். வாங்கியதும் பையோடு நான்கு நாள் உறைபெட்டியில் வையுங்கள், முட்டைகள் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும் முன் பிரித்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த அரிசியில் படிந்து பூசணம் பிடிக்கும்.

கேள்வி: வடதுருவப் பனி உருகிக் கப்பல் பாதை திறந்தால் சிங்கப்பூர்த் துறைமுகத்தின் கதி?
– வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: ராட்டர்டாமிலிருந்து யோக்கஹாமாவுக்கு அந்த வழியில் தூரம் சுமார் 40 விழுக்காடு குறையும். தெற்கே வரவர அந்த ஆதாயம் கரைந்துவிடும். சிங்கப்பூருக்கோ சென்னைக்கோ வரும் கப்பலுக்குச் சூயஸ்தான் பக்கம். பாதையில் உள்ள சன்னிகோவ் நீரிணையின் ஆழம் ஏறத்தாழ 13 மீட்டர். முழுச் சரக்கோடு 15, 16 மீட்டர் ஆழத்துக்கு அமிழும் பெரிய கொள்கலன் கப்பல் அங்கே தட்டிவிடும். வழியில் ஏற்றி இறக்கப் பெரிய துறைமுகங்களும் இல்லை. அதற்காக நாம் சும்மா இருக்கவில்லை. 2013இல் இந்தியா, சீனாவோடு சிங்கப்பூரும் வடதுருவ நாடுகளின் அமைப்பான ஆர்க்டிக் மன்றத்தில் பார்வையாளராகச் சேர்ந்தது. பனியே இல்லாத நாட்டுக்கு அங்கே என்ன வேலை என்று சிலர் சிரித்ததுண்டு!

கேள்வி: உலகக் கரியமில வாயு வெளியேற்றத்தில் நம் பங்கு 0.1 விழுக்காடுதான். கரிம வரி எதற்கு?
– வாசகர், செங்காங்

பதில்: நாம் குறைப்பதால் மட்டும் கடல் ஓர் அங்குலமும் இறங்காது, அது சரி. ஆனால் டன்னுக்கு 2024இல் 25 வெள்ளி, 2026இல் 45 வெள்ளி என்று முன்கூட்டியே அறிவித்து ஏற்றுவதால், இன்று இயந்திரம் வாங்கும் ஆலை அதையும் கணக்கில் வைத்து வாங்குகிறது. கடலோரத் தடுப்பு தனிச் செலவு. நூறாண்டில் 100 பில்லியன் வெள்ளி ஆகலாம் என்று 2019 தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார்.

கேள்வி: கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். காற்றின் வெப்பம் 32 டிகிரிதான் என்று செயலி காட்டுகிறது, தளத்துக் கருவியோ அபாயம் என்கிறது. எதை நம்புவது?
– வாசகர், துவாஸ்

பதில்: கருவியை. இரண்டும் அளப்பது ஒன்றல்ல. தளத்துக் கருவி காட்டுவது டபிள்யூபிஜிடி எனப்படும் வெப்பச் சுமை அளவு. அது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் வெப்பநிலையில் 0.7 பங்கு, வெயிலில் வைத்த கறுப்பு உருண்டையின் வெப்பநிலையில் 0.2 பங்கு, சாதாரணக் காற்று வெப்பநிலையில் 0.1 பங்கு சேர்ந்தது. காற்று 32, உருண்டை 45, ஈரத்துணி 27.5 என்றால் 31.45 வரும். அதே காற்று, அதே வெயில், ஆனால் வறண்ட ஊர், ஈரத்துணி 23 என்றால் 28.3தான். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். நம் ஊரில் அது காய்வதில்லை, வழிகிறது.

மனிதவள அமைச்சின் 2023 அக்டோபர் விதிகளின்படி, அளவு 32ஐ எட்டினால் வெளியில் கடும் உடலுழைப்புச் செய்வோருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு, 33 என்றால் 15 நிமிடம், அதுவும் நிழலில். மணிக்கு ஒரு முறையாவது தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும். புதிதாக வந்தவருக்கும் நீண்ட விடுப்பில் ஊருக்குப் போய்த் திரும்பியவருக்கும் குறைந்தது ஏழு நாளில் வேலையைப் படிப்படியாகக் கூட்டுங்கள். வியர்க்கப் பழகாத உடம்பு முதல் வாரத்தில்தான் விழும்.

கருவி தவறாகக் காட்டுவது பெரும்பாலும் நம் கையால்தான். குளிரூட்டிய கொள்கலன் அலுவலகத்திலிருந்து எடுத்து வந்த உடனே படிக்காதீர்கள். பெரிய உருண்டை வெயிலில் சூடேறி நிலைக்க 20, 25 நிமிடம் பிடிக்கும், அதுவரை அளவு குறைவாகவே காட்டும். கூரைக்கடியில் மாட்டுவதும் அதே தவறு. ஆட்கள் வேலை செய்யும் இடத்தில், நெஞ்சு உயரத்தில், தாங்கியில் நிறுத்துங்கள். திரி வைத்த கருவியென்றால் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரின் உப்பு திரியில் படிந்தால் நீர் சரியாக ஆவியாகாமல் அளவு கூடுதலாகக் காட்டும். நாலு முறை வீண் எச்சரிக்கை வந்தால் ஐந்தாம் முறை ஒருவரும் நிழலுக்குப் போக மாட்டார்கள்.