செவ்வாய்க்கிழமை மத்தியானம் போங்கள்

கேள்வி: "குடியேறியவர்கள் நடத்தும் உணவகங்களை ஆதரியுங்கள் என்று ரொறன்ரோவில் அடிக்கடி சொல்கிறார்கள். நான் போய்ச் சாப்பிடுவதால் அந்தச் சமூகத்துக்கு உண்மையில் ஏதும் நன்மை உண்டா? இருந்தால், எப்படி ஆதரிப்பது?"

நன்மை உண்டு. ஆனால் சனிக்கிழமை இரவு வரிசையில் நின்று, தட்டைப் படம் எடுத்து, "ஸ்காபரோவில் ஒரு புதையல்" என்று எழுதிப் போடுகிறவர்களால் அதிகம் இல்லை. சனிக்கிழமை இரவு கடை எப்படியும் நிரம்பும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே வருகிறவரைத்தான் கடைக்காரர் மறக்கமாட்டார். செவ்வாயும் வெள்ளியும் எங்கள் ஆட்களில், அதாவது ஈழத்தமிழரில், பலர் மச்சம் (மீன், இறைச்சி) தொடமாட்டார்கள். காலையில் காய்ச்சிய ஆட்டுக்கறி சட்டியில் அப்படியே கிடக்கும். வாடகைக்கோ செவ்வாய், வெள்ளி எதுவும் தெரியாது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், 2009இல் படித்துக்கொண்டிருந்தபோது ஒன்றரை வருடம் அப்படியொரு கடையின் குசினியில் வேலை செய்தேன். உட்கார்ந்து சாப்பிட இரண்டு மேசை, மற்றதெல்லாம் பார்சல். கொத்து ரொட்டி போடும் அண்ணாவின் தகடுகள் இரும்புக் கல்லில் விழும் சத்தம் வாடிக்கையாளர்களுக்கு உற்சாகமாக இருக்கும். எட்டு மணி நேரம் பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டுகிறவனுக்கு அது படுக்கையிலும் கேட்கும். அதைவிடக் கடினமான வேலை இடியப்பம். விடிய நாலரைக்கே ஒரு மாமி வருவார். கொதிநீர் விட்டுக் குழைத்த மா ஆறுவதற்கு முன் பிழிந்தாக வேண்டும். ஆறினால் உரல் இறங்காது. நூறு, இருநூறு என்று பிழிந்த பிறகு வலது மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு இடது கையால் தேத்தண்ணீர் குடிப்பார். "இடியப்பம் ஏன் விலை கூடிவிட்டது?" என்று யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துணிதான் நினைவுக்கு வரும்.

கேட்கிறவர்கள் பெரும்பாலும் எங்கள் ஆட்கள்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நகர மையத்தில் ஒரு தட்டுப் பாஸ்தாவுக்குக் கேட்ட விலையைக் கொடுத்து, மேலே டிப்ஸும் வைத்துவிட்டு வருகிறவர்கள், அதே வாரம் ஸ்காபரோவில் கொத்துக்கு ஒரு டொலர் கூடியதற்கு முதலாளியிடம் நியாயம் கேட்பார்கள். நகைச்சுவை என்னவென்றால், அந்தப் பாஸ்தாவையும் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணாவே சமைத்திருக்கக்கூடும். ரொறன்ரோவின் இத்தாலிய, பிரெஞ்சு உணவகக் குசினிகளில் முப்பது, நாற்பது வருடங்களாகத் தமிழர்கள் நிற்கிறார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு முதலில் கிடைத்த வேலை கோப்பை கழுவுவது. 1986 ஆகஸ்ட்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் கரைசேர்த்த கதை இங்கே எல்லா வீட்டிலும் தெரியும். அப்படி வந்து இறங்கியவர்களிடம் இந்த நாட்டில் செல்லுபடியாகிற பட்டம் இருக்கவில்லை, இருந்தவை இரண்டு கைகள். கோப்பை கழுவி, பிறகு வெட்டப் பழகி, பிறகு அடுப்புக்கு முன்னால் நின்று, சிலர் கடைசியில் சொந்தக் கடை போட்டார்கள். வங்கி கொடுக்காத முதலைச் சீட்டுக் கட்டி எடுத்தார்கள். ஆகவே ஒரு சிறிய கடையின் பின்னால் இருபது, இருபத்தைந்து குடும்பங்களின் சீட்டுக்காசு இருக்கலாம். கடை மூடினால் முதலாளியோடு போய்விடுவதில்லை அந்த அடி.

2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி ரொறன்ரோ நகரவாசிகளில் 46.6 சதவீதம் பேர் குடியேறியவர்கள். இப்படிப்பட்ட நகரத்தில் 'ஆதரிப்பவர்', 'ஆதரிக்கப்படுபவர்' என்று கோடு கிழிப்பது எனக்குச் சரியாகப் படுவதில்லை. நான் பார்த்த தோழமை வேறு மாதிரி இருந்தது.

இப்போது என் வீட்டுக்கு அருகிலுள்ள பிளாசாவில் ஒரு அக்காவின் கடை இருக்கிறது. அவருக்கு நேர் எதிரே ஒரு சீன பேக்கரி. 2020 பெப்ரவரியில், எதையும் மூடச் சொல்லி அரசாங்கம் உத்தரவிடாத நேரத்திலேயே, அந்த பேக்கரிக்கு ஆட்கள் வருவது நின்றுவிட்டது. ரொறன்ரோவுக்கு இது புதிதல்ல. 2003இல் சார்ஸ் தொற்று வந்தபோதும் சீன உணவகங்கள்தான் முதலில் காலியாகின. பிரதமர் ஜான் கிரெட்டியன் சைனாடவுனில் போய் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. பதினேழு வருடம் கழித்து மறுபடி அதே பயம். எங்கள் ஆட்களும் விதிவிலக்கில்லை. அக்காவின் கடைக்கு வருகிறவர்கள் எதிர்க்கடையைக் காட்டி மெதுவாகப் பேசிக்கொள்வார்கள். அக்கா ஒன்றும் சொல்லமாட்டார். தினமும் காலை பத்து மணிக்கு முகக்கவசம் இல்லாமல் (அப்போது யாரிடமும் இல்லை) எதிரே போய் இரண்டு பன் வாங்கி வருவார். அதைத் தன் கடை மேசையில் எல்லாரும் பார்க்கும்படி வைத்து, தேத்தண்ணீரில் நனைத்துச் சாப்பிடுவார். "இனிப்புக் கூட" என்று எனக்கு மட்டும் ஒருமுறை சொன்னார்.

மார்ச் 17ஆம் தேதி ஒன்ராறியோ முழுவதும் உணவகங்களுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவது தடைசெய்யப்பட்டது. அக்கா மேசைகளின் மேல் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்தார். கோடையில் கொஞ்சம் திறந்தார்கள். அக்டோபர் 10இல் ரொறன்ரோவில் மறுபடி மூடினார்கள். திரும்ப உள்ளே உட்கார முடிந்தது 2021 ஜூலை 16இல்தான். அந்த ஒன்பது மாதமும் எதிர்க்கடைச் சீனர் வாரத்துக்கு மூன்று நாள் வந்து உழுந்து வடை வாங்கினார். கறி எதையும் அவரால் தாங்க முடியாது. சம்பலைக் கண்டால் கையை ஆட்டி மறுத்துவிடுவார். வடை மட்டும்தான், அதையும் மிளகாயைத் தோண்டி எடுத்துவிட்டுச் சாப்பிடுவார். இருவருக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலச் சொற்கள் முப்பது இருக்கலாம்.

எப்படி ஆதரிப்பது என்பதற்கு வருகிறேன். முதலாவது, செயலியை மூடிவிட்டுத் தொலைபேசியை எடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் நிறுவனங்கள் பில்லில் 30 சதவீதம் வரை தரகாக எடுக்கும். சிறிய சாப்பாட்டுக் கடைக்கு 30 சதவீத இலாபம் கனவில்கூட வருவதில்லை. மாகாண அரசே அது கொள்ளை என்று உணர்ந்துதான் 2020 டிசம்பரில், உள்ளே உட்கார்ந்து சாப்பிடத் தடை இருந்த இடங்களுக்கு மொத்தத் தரகை 20 சதவீதத்துக்கு மேல் போகாமல் கட்டிவைத்தது. தடை போனதும் கட்டும் போய்விட்டது. நீங்களே போய் எடுத்தால் அந்தக் காசு கடையில் நிற்கும். டெபிட் அட்டையில் கட்டினால் கடைக்குச் சில சதங்கள்தான் செலவு, கிரெடிட் அட்டை என்றால் தொகையில் சதவீதம் போகும். நான்கு டொலருக்கு மேற்படாத தயாரித்த உணவுக்கு 13 சதவீத வரியில் மாகாணத்தின் 8 சதவீதம் கிடையாது என்பதற்காக, நான்கு றோல்ஸை இரண்டு பில்லாகப் போடச் சொல்கிற கெட்டிக்காரர்களும் உண்டு. பின்னால் ஆறு பேர் வரிசையில் நிற்கும்போது அதைச் செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, கடையைத் தூக்கி நிறுத்துவது தட்டில் சாப்பிடுகிறவர்கள் அல்ல, ட்ரே கணக்கில் ஓடர் கொடுக்கிறவர்கள். பிறந்தநாள், சாமத்திய வீடு, அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள். இறப்பு வீட்டுச் சமையலில்தான் ஒரு கடையின் பெயர் நிலைக்கும் அல்லது கெடும். தமிழர் அல்லாதவர்களுக்கு இந்த வழி தெரியாது. ஆனால் அவர்களிடம் அலுவலகம் இருக்கிறது. வேலைநாளில் கூட்டத்துக்கு இருபது பேருக்கு சாண்ட்விச் எடுப்பதற்குப் பதில் ஒருமுறை ஒரு ட்ரே புரியாணியும் ஒரு ட்ரே றோல்ஸும் சொன்னால், அது கடைக்கு ஒரு வார வியாபாரத்துக்குச் சமம். சொல்லும்போது முன்பணம் கொடுங்கள். பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்பது பேருக்கான ஓடரைக் காலை பதினொரு மணிக்கு "வேண்டாம்" என்று ஒருவர் சொன்னதும், நாங்கள் மூன்று பேர் குசினியில் சோற்றைப் பார்த்துக்கொண்டு நின்றதும் நடந்திருக்கிறது. முதலாளி முன்பணம் கேட்கவில்லை. தெரிந்த மனிதர், கேட்டால் கோபிப்பார் என்றார்.

இனி, இந்தப் பேச்சில் யாரும் விரும்பாத பகுதி. 2009இல் ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 9.50 டொலர். எனக்குக் கையில் கிடைத்தது 6, காசாக. இடியப்ப மாமிக்கு எவ்வளவு என்று நான் கேட்டதில்லை. கேட்கப் பயமாக இருந்தது. அந்த முதலாளி கெட்டவர் இல்லை. அவர் மனைவிக்குச் சம்பளமே கிடையாது, மகள் பாடசாலை விட்டு வந்து காசுப்பெட்டியில் நின்றாள். ஆனாலும் எனக்கு வரவேண்டிய 3.50 அவருடைய வாடகைக்குப் போனது என்பதும் உண்மை. "எங்கள் ஆட்கள்" என்ற சொல் அந்தக் குசினியில் என் வாயை அடைக்கத்தான் பயன்பட்டது. கடையை ஆதரிப்பதும் அதில் வேலை செய்கிறவரை ஆதரிப்பதும் எப்போதும் ஒன்றல்ல. வாடிக்கையாளராக உங்களால் இதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. விலை கூடும்போது முகம் சுளிக்காமல் இருக்கலாம், டிப்ஸை யார் எடுக்கிறார்கள் என்று கேட்கலாம். மலிவாக இருப்பதற்காகவே ஒரு கடையைப் புகழாதீர்கள். அந்த மலிவை உள்ளே யாரோ ஒருவர் தன் சம்பளத்திலிருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்.

சாப்பிட்டு மட்டும் காப்பாற்ற முடியாத விஷயங்களும் உண்டு. எக்ளிங்டன் மேற்கில் லிட்டில் ஜமேக்கா என்று ஒரு தெருப்பகுதி. 1985இல் மத்திய அரசின் அதிகாரிகள் வந்து, மாட்டிறைச்சி அடைத்த பலகாரத்துக்கு மேலே மாவு உறை இருப்பதால் அதை 'பீஃப் பாட்டி' என்று விற்கக்கூடாது என்று நகரத்தின் ஜமேக்கக் கடைக்காரர்களிடம் சொன்னார்கள். அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் 'ஜமேக்கன் பாட்டி' என்று அழைக்கலாம் என்று சமரசமானது. அரசாங்கத்தோடு பெயருக்காகச் சண்டை பிடித்து வென்ற சமூகத்தின் தெரு அது. அதே தெருவை 2011இல் தொடங்கிய ரயில்பாதை வேலை மண்ணும் வேலியுமாக மூடியது. 2020இல் ஓட வேண்டிய ரயில் அந்த வருடம் ஓடவில்லை. அடுத்த பல வருடங்களும் ஓடவில்லை. வாசலே தெரியாத கடைக்கு விசுவாசமான வாடிக்கையாளர் எத்தனை பேர் இருந்து என்ன?

எங்கள் பிளாசாவுக்கு ரயில் வரவில்லை, பலகை வந்திருக்கிறது. கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் நகரசபை விதிப்படி நட்ட அறிவிப்புப் பலகை: இந்த இடத்தில் உயரமான குடியிருப்புக் கட்டடங்கள் கட்ட விண்ணப்பம் வந்திருக்கிறது என்று. ஒன்ராறியோவில் வீட்டு வாடகைக்காரருக்கு இருக்கிற பாதுகாப்பு கடை வாடகைக்காரருக்குக் கிடையாது. வாடகை பதினைந்து நாள் பிந்தினால் பதினாறாம் நாள் உரிமையாளர் பூட்டை மாற்றலாம். அக்காவின் ஒப்பந்தத்தில், கட்டடத்தை இடிப்பதானால் முன்னறிவித்தல் கொடுத்து வெளியேற்றலாம் என்று ஒரு வரி இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது அதை யாரும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. கொவிட் காலத்தில் அரசாங்கம் கொடுத்த 60,000 டொலர் கடனில் 20,000ஐத் தள்ளுபடி செய்யக் கெடு 2024 ஜனவரி 18. அதற்குள் மீதியைக் கட்ட அவர் மறுபடி சீட்டெடுத்தார். அந்தச் சீட்டு இன்னும் முடியவில்லை.

நகரசபை நடத்திய முதல் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நான் போனேன். திரையில் காட்டிய படத்தில் நிறைய மரங்கள் இருந்தன, நாயோடு நடக்கிற ஒரு பெண் இருந்தாள். கீழ்த்தளத்தில் கண்ணாடிக் கடைகள் இருந்தன, பெயர்ப்பலகை எதிலும் எழுத்து இல்லை. இப்போதிருக்கிற கடைக்காரர்களுக்கு அதே வாடகையில் இடம் கிடைக்குமா என்று எழுந்து கேட்டேன். குறித்துக்கொண்டார்கள். வந்திருந்த நாற்பது பேரில் கடைக்காரர் என்று எதிர்க்கடைச் சீனர் ஒருவரே இருந்தார். அவர் மகன் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டார். வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணி என்றேன். கோயிலால் வருகிற சனம் இடியப்பம் எடுக்கிற நேரம். "நீர் போவீர்தானே தம்பி?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஓடரை எடுக்கத் திரும்பினார். போகிறேன். அந்த வட்டாரத்தில் இருப்பவர் என்றால் நீங்களும் வாருங்கள், கதவருகே நிற்பேன்.