சர்வரில் உள்ள ஃபைலைப் பழைய புரோகிராமில் நேரடியாகத் திறக்க முடியுமா?

கேள்வி: எங்கள் தரவு 40 ஜிபி, சர்வரில் இருக்கிறது. அதைப் படிக்கும் பழைய புரோகிராமுக்கு என் லினக்ஸ் கணினியில் உள்ள ஃபைலை மட்டுமே திறக்கத் தெரியும். சர்வரில் எனக்கு எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி) அனுமதி மட்டும் உண்டு. முழுவதையும் டவுன்லோடு செய்யாமல் வேலை நடக்குமா?

பதில்: நடக்கும். சர்வரில் எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்ஹெச் வழியே ஃபைல்களைக் கையாளும் முறை) முடக்கப்படாமல் இருந்தால் போதும், அங்கே எதையும் நிறுவ வேண்டாம். உங்கள் கணினியில் எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் என்ற புரோகிராமை நிறுவுங்கள். சர்வரின் ஃபோல்டரை உங்கள் கணினியின் ஃபோல்டர் போலக் காட்டுவது அதுதான். காலி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, சர்வரின் ஃபோல்டரை அதில் மவுன்ட் செய்யுங்கள், அதாவது இணையுங்கள். கட்டளையின் வரிசை: எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ், பிறகு பயனர்@சர்வர்:/பாதை, பிறகு அந்தக் காலி ஃபோல்டர்.

புரோகிராம் 'இந்த ஃபைலைத் திற' என்று கேட்பது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிடம்தான். அந்தக் கோரிக்கையை ஃபியூஸ் என்ற பகுதி எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ்ஸிடம் தள்ளிவிடுகிறது. அது எஸ்எஃப்டிபி வழியாகச் சர்வரிடம் கேட்டு, வந்ததைத் திருப்பித் தருகிறது. நடுவே நெட்வொர்க் இருப்பது புரோகிராமுக்குத் தெரியாது. தெரியாததால்தான் சிக்கலும் வருகிறது.

முதல் சிக்கல், உறைந்துபோவது. இணைப்பு அறுந்தால் புரோகிராம் பிழை காட்டாமல் பதிலுக்குக் காத்துக்கொண்டே இருக்கும். ஃபைல் மேனேஜரும் சேர்ந்து நின்றுவிடும். மவுன்ட் செய்யும்போதே 'ரீகனெக்ட்', 'சர்வர்அலைவ்இன்டர்வல்=15', 'சர்வர்அலைவ்கவுன்ட்மேக்ஸ்=3' என்ற மூன்றையும் 'மைனஸ் ஓ' ஆப்ஷனாகக் கொடுங்கள். சுமார் 45 விநாடியில் அறுந்தது தெரிந்துவிடும். பாஸ்வேர்டு அல்லாமல் எஸ்எஸ்ஹெச் கீ வைத்து நுழையுங்கள். இல்லையென்றால் மறுபடி இணையும்போது பாஸ்வேர்டு அடிக்க ஆள் இருக்காது.

இரண்டாவது வேகம். பெரிய ஃபைல் ஒன்றை வரிசையாகப் படிப்பது நன்றாகவே ஓடும். சின்னச் சின்ன ஃபைல்கள்தான் கழுத்தறுக்கும். சர்வருக்குப் போய்வர 50 மில்லிவிநாடி என்றால், 1000 ஃபைலுக்குத் தலா இரண்டு சுற்று ஆனாலே 100 விநாடி காத்திருப்பிலேயே போய்விடும். 40 ஜிபி முழுக்க ஒரு சொல்லைத் தேடினால் 40 ஜிபியும் நெட்வொர்க் வழியே வரும். அந்தத் தேடலை எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்து சர்வரிலேயே ஓட்டுங்கள்.

எஸ்க்யூலைட் போன்ற தரவுத்தள ஃபைலை இப்படித் திறந்து எழுதவே வேண்டாம். ஃபைல் பூட்டு மற்ற கணினிகளுக்கு எட்டாது; இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் ஃபைல் கெடும். ஃபோல்டர் விவரம் இயல்பாக 20 விநாடி கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) இருப்பதால், சர்வரில் வேறொருவர் செய்த மாற்றமும் உடனே தெரியாது.

புரோகிராமை ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள பயனராக) ஓட்டியும் 'பெர்மிஷன் டினைட்' வந்தால் குழம்ப வேண்டாம். மவுன்ட் செய்த பயனரைத் தவிர ரூட்டுக்கும் அனுமதி இல்லை என்பதுதான் ஃபியூஸின் இயல்பு. அதே பயனராக ஓட்டுவதே நல்லது.

வேலை முடிந்ததும் 'ஃபியூசர்மவுன்ட் மைனஸ் யு' கட்டளையால் கழற்றுங்கள். 'பிஸி' என்று மறுத்தால், ஏதோ ஒரு டெர்மினல் அந்த ஃபோல்டருக்குள் நிற்கிறது, அல்லது ஏதோ ஒரு புரோகிராம் அதிலுள்ள ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது. வெளியே வந்து, அல்லது அதை மூடிவிட்டு, மறுபடி கொடுங்கள். 'டிரான்ஸ்போர்ட் எண்ட்பாயின்ட் இஸ் நாட் கனெக்டட்' என்று வந்தால் எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் செத்து, மவுன்ட் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அப்போதும் முதலில் கழற்றிவிட்டு, பிறகு மவுன்ட் செய்யுங்கள்.