நீங்கள் இல்லாவிட்டால் அச்சகம் ஓடாதா?

ராயப்பேட்டையில் அச்சகம், ஆறு பேர், நீங்கள் ஒரு நாள் ஊருக்குப் போனாலும் பேப்பர் வாங்கக்கூட போன் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பாக நினைக்காதீங்க சார், அப்படிப் பழக்கியது நீங்கள்தான். அம்பத்தூரில் என் அச்சகத்தின் கதையும் இதேதான். வேலை செய்யும் மூத்த பையனிடம், 5,000 ரூபாய் வரை என்னைக் கேட்காமலே செலவு செய் என்றேன். முதல் மாதமே கல்யாணப் பத்திரிகைக்கு பேப்பர் கடைகள் நிறைந்த ஆண்டர்சன் தெருவிலிருந்து 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) அட்டைக்குப் பதில் 250 வாங்கி, அதில் அச்சும் அடித்துவிட்டு வந்து நின்றான். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, பார்ட்டியிடம் நீயே பேசு என்றேன் (அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை, அது வேறு விஷயம்). கொஞ்சம் விலை குறைத்து அவனே முடித்துவிட்டான். அப்புறம் போன் குறைந்தது. நீங்கள் முதலில் பேப்பர் வாங்குவதை மட்டும் உங்கள் ஆட்களிடம் விடுங்கள், விலை சொல்வதை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். ஒன்று மட்டும், அவர்கள் சொன்ன முடிவை வாடிக்கையாளர் முன்னால் மாற்றாதீங்க.