போரை நிறுத்தச் சொல்கிறவர்களுக்கு: கேள்வி பதில்

சமாதான உடன்படிக்கைகளைப் படிப்பதும் பாடம் நடத்துவதும் பல ஆண்டுகளாக என் வேலை. அந்த எல்லைக்குள் எதை வேண்டுமானாலும் கேளுங்கள். போர்நிறுத்தம் வேறு, சமாதானம் வேறு என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி): அம்மா, அந்த இரண்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

பதில்: கொரியப் போரைப் பாருங்கள். 1951 ஜூலையில் பேச்சு தொடங்கியது. 1953 ஜூலை 27 அன்றுதான் போர்நிறுத்தம் கையெழுத்தானது. இரண்டு ஆண்டுகள் இழுத்ததற்கு முக்கியக் காரணம் நிலம் அல்ல, போர்க் கைதிகள். ஊர் திரும்ப விரும்பாத கைதியைக் கட்டாயப்படுத்தி அனுப்பலாமா, கூடாதா என்ற ஒரே கேள்வியில் பேச்சு மாதக்கணக்கில் முடங்கியது. அத்தனை நாளும் போர்முனையில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். இறுதியில் துப்பாக்கி ஓய்ந்தது, அவ்வளவுதான். சமாதான உடன்படிக்கை இன்றுவரை கையெழுத்தாகவில்லை. அதனால்தான் வட, தென் கொரியாக்களின் நடுவில் நான்கு கிலோமீட்டர் அகலத்துக்குப் படைகள் விலக்கப்பட்ட பட்டை ஒன்று இன்னமும் கிடக்கிறது.

கேள்வி: மூன்றாம் உலகப் போர் எப்போது வரும்?

பதில்: எனக்குத் தெரியாது. தேதி சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): சாதாரண மக்கள் கேட்டு எந்தப் போராவது நின்றிருக்கிறதா?

பதில்: நின்றிருக்கிறது. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியா, 2003. அரசுக்கும் கிளர்ச்சிப் படைகளுக்கும் உள்நாட்டுப் போர். தலைநகர் மன்ரோவியாவில் அதிபரின் வாகனங்கள் போகும் சாலையோரம், மீன் சந்தைக்கு அருகே, பெண்கள் வெள்ளை உடையில் நாள்தோறும் வந்து உட்கார்ந்தார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே உட்கார்ந்தார்கள். முன்னின்றவர் லேமா போவீ. ‘உலகம் அமைதியாக இருக்கட்டும்’ என்று பொதுவாக அவர்கள் கேட்கவில்லை. உடனே போர்நிறுத்தம், இரு தரப்பும் பேச்சுக்கு வரவேண்டும், காவலுக்கு வெளிநாட்டுப் படை வரவேண்டும் என்று கேட்டார்கள். மறுத்தால் மறுத்தது யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும் கோரிக்கைகள் இவை.

கானாவின் அக்ரா நகரில் பேச்சு தொடங்கியது, வாரக்கணக்கில் நகரவில்லை. ஜூலையில் அந்தப் பெண்கள் மண்டபத்தின் வாசலில் கைகோத்து உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே இருந்தவர்களால் வெளியே வர முடியவில்லை. காவலர்கள் போவீயைக் கைது செய்ய வந்தபோது, தன் உடைகளைக் களையப் போவதாகச் சொன்னார். பெற்ற தாய் அப்படி நிற்பது பார்ப்பவர்களுக்குச் சாபம் என்பது அங்குள்ள நம்பிக்கை, காவலர்கள் பின்வாங்கினார்கள். ஆகஸ்ட் 18 அன்று உடன்படிக்கை கையெழுத்தானது. அந்தப் பெண்கள் மட்டுமே போரை நிறுத்தினார்கள் என்று சொல்லமாட்டேன். கிளர்ச்சிப் படைகளின் நெருக்கடியும் பன்னாட்டு அழுத்தமும் சேர்ந்தே நிறுத்தின. ஆனால் அந்த வாசலில் அவர்கள் உட்கார்ந்திராவிட்டால் பேச்சு இன்னும் எத்தனை வாரம் இழுத்திருக்கும்?

கேள்வி: தனி மனிதன் என்ன செய்ய முடியும்?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி (முன்னாள் ராணுவ வீரர்): நீங்கள் அமைதி பேசுவது, அடிவாங்குகிறவனிடம் ‘ஆயுதத்தைக் கீழே போடு’ என்று சொல்வதுபோல் இருக்கிறது.

பதில்: இல்லை ஐயா. தாக்கப்பட்ட நாடு தன்னைக் காத்துக்கொள்ளலாம் என்று ஐ.நா. சாசனத்தின் 51ஆவது பிரிவே சொல்கிறது. அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. தாக்குகிறவனை நிறுத்தச் சொல்கிறேன்.

அவரே மீண்டும்: சாசனம் வெறும் காகிதம். 1928இல் பாரிஸில் ‘இனிப் போரே வேண்டாம்’ என்று கையெழுத்திட்டார்கள். பதினொரே ஆண்டில் இரண்டாம் உலகப் போர் வந்தது.

பதில்: வந்தது. அதை மறைக்கமாட்டேன். ஆனால் அந்த 1928 காகிதத்தை வைத்துத்தான், போரைத் தொடங்குவதே குற்றம் என்று, இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூரம்பர்க் நீதிமன்றத்தில் ஜெர்மனியின் நாஜித் தலைவர்களை விசாரித்தார்கள். அதற்கு முன்பு போர் தொடுப்பது அரசுகளின் உரிமையாக இருந்தது. ரசாயன ஆயுத ஒப்பந்தம் 1997இல் நடைமுறைக்கு வந்தது. உறுப்பு நாடுகள் கணக்குக் காட்டிய இருப்பில் கடைசிப் பகுதி 2023 ஜூலையில் அழிக்கப்பட்டது. அதுவும் காகிதம்தான். கண்ணிவெடித் தடை ஒப்பந்தமும் காகிதம்தான். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா ஆகியவை அதில் சேரவே இல்லை. 2025இல் சில ஐரோப்பிய நாடுகள் விலகுவதாக அறிவித்தபோது எனக்கு நெஞ்சு வலித்தது. காகிதத்தைக் காப்பாற்றவும் ஆள் வேண்டும் ஐயா.

கேள்வி (இன்னொருவர், இடையில்): கொன்றவனோடு கைகுலுக்கச் சொல்கிறீர்களா? நீதி எங்கே?

பதில்: இதற்கு என்னிடம் சுகமான பதில் இல்லை. வட அயர்லாந்தில், பிரிட்டனோடு இருப்பதா அயர்லாந்தோடு சேர்வதா என்ற மோதலில், முப்பது ஆண்டுகளில் 3,500 பேருக்கு மேல் இறந்தார்கள். 1998 உடன்படிக்கையில், போர்நிறுத்தத்தைக் கடைப்பிடித்த ஆயுதக் குழுக்களின் கைதிகளை இரண்டு ஆண்டுக்குள் விடுவிப்பது என்று ஒரு ஷரத்து இருந்தது. மகனைக் கொன்றவன் அதே தெருவில் நடமாடுவான் என்று தெரிந்துதான், அந்த உடன்படிக்கை மீதான பொதுவாக்கெடுப்பில் மக்கள் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். அங்கே 71 சதவீதம் பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். எதிர்த்தவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. அந்த ஷரத்து இல்லாமல் கையெழுத்தாகியிருக்காது என்றே நினைக்கிறேன்.

கேள்வி: தனி மனிதனால் என்ன பயன்?

பதில்: இரண்டாவது முறை. லைபீரியாவைப் படித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

கேள்வி: எந்தப் பக்கம் சரி என்று சொல்லுங்களேன்.

பதில்: எந்தப் போர் என்று சொல்லாமல் கேட்டால் எப்படி?

கேள்வி (கல்லூரி மாணவி): கடைசியாக ஒன்று, அம்மா. உடன்பாடு வந்துவிட்டால் உடனே நிறுத்திவிடலாமே, ஏன் நேரம் குறிக்கிறார்கள்?

பதில்: செய்தி போர்முனை முழுவதும் போய்ச் சேர வேண்டும் என்பார்கள். முதல் உலகப் போரின் கடைசி நாள், 1918 நவம்பர் 11 அன்று, பிரான்சில் கொம்பியேன் காட்டில் நின்ற ரயில் பெட்டியில், காலை ஐந்து மணி கடந்ததும் கையெழுத்தானது. நடைமுறைக்கு வந்தது பதினொரு மணிக்கு. செய்தி போய்ச் சேர்ந்த இடங்களிலும் பீரங்கிகள் முழங்கின. அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கியை நோக்கி ஓடினார். எதிரே இருந்த ஜெர்மானியர்கள் ‘திரும்பிப் போ’ என்று கையசைத்தார்கள். அவர் நிற்கவில்லை, சுட்டார்கள். அப்போது மணி 10.59.