கட்சிக்காரர் பணத்தைச் சொலிசிட்டர் முறைதவறிக் கொடுத்துவிட்டால், இங்கிலாந்துச் சட்டப்படி முழுத்தொகையும் திரும்பக் கிடைக்குமா?

லண்டனில் வீடு வாங்குவதற்காகச் சொலிசிட்டரின், அதாவது கிரய வேலைகளைச் செய்யும் வழக்கறிஞரின், கணக்கில் போட்ட பணத்தை, கிரயம் முறைப்படி முடிவதற்கு முன்பே அவர் மறுதரப்புக்கு அனுப்பிவிட்டால் முழுத்தொகையையும் அவரிடமிருந்து வசூலிக்க முடியுமா, குடும்ப டிரஸ்டை நடத்தும் டிரஸ்டிகளுக்கும் இதே சட்டம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். லண்டனில் இத்தகைய வழக்குகளை நடத்தும் அலுவலகமொன்றில் பணியாற்றியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்தின் சட்டம் வேறு.

வருகிறவர்கள் பெரும்பாலும் சொலிசிட்டர் தவறு செய்தார் என்பதை நிரூபிக்கும் காகிதங்களையே கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார்கள். அந்தப் பகுதி பல வழக்குகளில் கடினமானதே அல்ல. தவறினால் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு நட்டம் என்பதுதான் வழக்கின் உயிர்நாடி. அதற்கான காகிதங்களைத்தான் முதலில் தேட வேண்டும்.

சொலிசிட்டரின் கட்சிக்காரர் கணக்கில் இருக்கும் பணம் அவருடையதன்று. நீங்கள் சொன்ன காரியத்துக்காக மட்டும் அதை அவர் டிரஸ்டியாக வைத்திருக்கிறார். முறையான கிரயத்துக்கு எதிராக மட்டுமே பணத்தை விடுவிக்கலாம் என்று நீங்கள் அதிகாரம் கொடுத்திருக்க, அவர் வேறு விதமாக விடுவித்தால் அந்தக் கணமே நம்பிக்கைப் பொறுப்பு மீறல் நிகழ்ந்துவிடுகிறது. அவர் நேர்மையானவரா, கவனக்குறைவாக இருந்தாரா என்ற கேள்விகள் அந்தக் கட்டத்தில் எழுவதே இல்லை. எழுத்தரின் பிழையால் போன பணத்துக்கும் இதே விதிதான்.

ஆனால் இழப்பீட்டை அளக்கும்போது கதை மாறுகிறது. டார்கெட் ஹோல்டிங்ஸ் எதிர் ரெட்ஃபர்ன்ஸ் என்ற வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பர்மிங்ஹாமில் 775,000 பவுண்டுக்கு வாங்கப்படவிருந்த சொத்தை 20 லட்சம் பவுண்டு பெறும் என்று காட்டிக் கடன் கேட்டார்கள். கடன் கொடுத்த நிறுவனம் ஏறத்தாழ 15 லட்சம் பவுண்டைச் சொலிசிட்டர்களின் கணக்குக்கு அனுப்பியது. கிரயமும் அடமானமும் முடிவதற்கு முன்பே அவர்கள் அந்தப் பணத்தில் பெரும்பகுதியை அதிகாரமின்றி வெளியே அனுப்பிவிட்டார்கள். பின்னர் ஆவணங்கள் முறைப்படி வந்து சேர்ந்தன, அடமானமும் பதிவானது. கடன் திரும்பாமல் போய்ச் சொத்தை விற்றபோது 500,000 பவுண்டு மட்டுமே கிடைத்தது. முழுத்தொகையையும் நிரப்பிவிட்டு வந்ததைக் கழித்துக்கொள்ளலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய உத்தரவை, 1995இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ரத்து செய்தது. பணம் முன்கூட்டி வெளியேறாமல் இருந்திருந்தாலும் கிரயம் நடந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், கடன் கொடுத்தவர் எதற்காகப் பணம் கொடுத்தாரோ அந்த அடமானம் அவருக்குக் கிடைத்துவிட்டது. மிகை மதிப்பீட்டால் வந்த நட்டத்தை முன்கூட்டிப் பணம் விட்ட மீறலின் தலையில் ஏற்ற முடியாது என்பது பிரவுன்-வில்கின்சன் பிரபுவின் தீர்ப்பு.

இதை எதிர்த்துச் சட்ட அறிஞர்கள் பலர் எழுதினார்கள். டிரஸ்டியின் கணக்கில் அதிகாரமின்றி எழுதப்பட்ட செலவை நீக்கிவிட்டு, பணம் இன்னும் அங்கேயே இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்பதே பழைய ஈக்விட்டி (நியாயத்தின் அடிப்படையில் நீதிமன்றங்கள் வளர்த்த சட்டம்) முறை என்றும், அதில் காரண காரியத் தொடர்புக்கே இடமில்லை என்றும் வாதிட்டார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2014இல், ஏஐபி குரூப் எதிர் மார்க் ரெட்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கேள்வியை மீண்டும் திறந்து, பழைய விடையையே உறுதி செய்தது. வங்கி 33 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது, முந்தைய வங்கியின் அடமானத்தை முழுவதுமாகத் தீர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. முந்தைய வங்கியில் இரண்டு கணக்குகள் இருந்தன. சொலிசிட்டர்கள் ஒன்றை மட்டும் தீர்த்ததால் சுமார் 3 லட்சம் பவுண்டு பாக்கி நின்று, முந்தைய அடமானம் முதலிடத்தில் தொடர்ந்தது. 2011இல் வீடு 12 லட்சம் பவுண்டுக்குத்தான் போனது. வங்கி சுமார் 25 லட்சம் பவுண்டு கேட்டது; கிடைத்ததோ ஏறத்தாழ 273,777 பவுண்டு, அதாவது முந்தைய வங்கி அந்த விற்பனைத் தொகையிலிருந்து எடுத்துக்கொண்டது எவ்வளவோ அவ்வளவு. சொலிசிட்டர்கள் சரியாகச் செய்திருந்தாலும் மீதி நட்டத்தை வங்கி சந்தித்தே இருக்கும் என்பதுதான் காரணம். இந்த விடை நியாயமானது என்பதே என் கருத்து. சொத்துச் சந்தை விழுந்ததற்கும் கடனாளி கைவிரித்ததற்கும் சொலிசிட்டரைக் காப்பீட்டாளர் ஆக்கக்கூடாது.

ஆகவே உங்கள் கேள்விக்கான நேரடி விடை, முன்கூட்டிப் பணம் விட்ட பிறகு என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது. கிரயம் பின்னர் ஒழுங்காக முடிந்து வீடு உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால், மீறல் உண்மையாக இருந்தும் கையில் கிடைப்பது மிகச் சொற்பமாக இருக்கலாம். விற்றவர் போலி ஆசாமி, வீடே உங்களுக்கு வரவில்லை என்றால் நிலைமை முற்றிலும் வேறு. அப்போது முழுத்தொகையும் நட்டம்தான்.

அந்த இரண்டாம் வகைக்கு, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்த ட்ரீம்வார் வழக்கைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. லண்டன் வீடு ஒன்றின் உரிமையாளராக நடித்த ஒருவனுக்கு, சிறிய கம்பெனி ஒன்று தன் சொலிசிட்டர்கள் வழியாக 11 லட்சம் பவுண்டு கொடுத்து ஏமாந்தது. வாங்கியவரின் சொலிசிட்டர்கள் கவனக்குறைவாக நடக்கவில்லை என்று நீதிமன்றமே கண்டது. ஆயினும் உண்மையான கிரயம் நடக்காமல் பணம் வெளியேறியது நம்பிக்கைப் பொறுப்பு மீறலே என்று தீர்ப்பாயிற்று. நேர்மையாகவும் நியாயமாகவும் நடந்த டிரஸ்டியை, மன்னிப்பது தகும் என்று பட்டால், நீதிமன்றம் பொறுப்பிலிருந்து விடுவிக்கலாம் என்கிறது 1925ஆம் ஆண்டின் டிரஸ்டி சட்டத்தின் 61ஆம் பிரிவு. அதை நாடியும் பயனில்லை. நட்டத்தைத் தாங்கக் காப்பீடு அந்தச் சொலிசிட்டர்களிடம் இருந்தது, வாங்கியவருக்கோ வேறு போக்கிடமே இல்லை என்பது பெரிதும் எடைபோட்டது. விற்பவர் பக்கத்துச் சொலிசிட்டர்களும் அதே மேல்முறையீட்டில் பொறுப்பாளிகளாக்கப்பட்டார்கள். ஒரு தவறும் செய்யாதவர்மீது இவ்வளவு சுமையா என்று அத்தீர்ப்பைக் குறைகூறுகிறவர்களுடைய வேதனை எனக்குப் புரிகிறது. ஆனாலும் தன் வாழ்நாள் சேமிப்பை இழந்தவரின் பக்கத்தில் நின்று பார்க்கும்போது வேறு எப்படித் தீர்க்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

61ஆம் பிரிவு எப்போதும் மறுக்கப்படுவதும் இல்லை. 2012இல் வந்த இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் படியுங்கள். இரண்டு வழக்குகளிலும், உண்மையில் இல்லாத ஒரு சொலிசிட்டர் கிளையை இருப்பதுபோல் மோசடிக்காரர்கள் உருவாக்கியிருந்தார்கள். மார்கண்டன் அண்ட் உத்தின் வழக்கில் ஆவணங்கள் வராமலே பணம் போனதால் விலக்குக் கிடைக்கவில்லை. டேவிசன்ஸ் வழக்கில், சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் இணையதளத்திலேயே அந்தப் போலிக் கிளை பதிவாகியிருந்ததை எதிர்வாதி சரிபார்த்திருந்தார். அவருக்கு விலக்குக் கிடைத்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சொலிசிட்டர் செய்யும் ஒவ்வொரு பிழையும் நம்பிக்கைப் பொறுப்பு மீறல் ஆகிவிடாது. பிரிஸ்டல் அண்ட் வெஸ்ட் எதிர் மோத்யூ வழக்கில், வாங்குபவருக்கு 3,350 பவுண்டு இரண்டாவது கடன் இருப்பதைச் சொலிசிட்டர் கவனக்குறைவால் கடன் நிறுவனத்துக்குச் சொல்லாமல் விட்டார். அது கவனக்குறைவு, விசுவாசக் கேடு அல்ல என்று மில்லெட் நீதிபதி வகுத்த எல்லைக்கோடு இன்றும் நிற்கிறது.

குடும்ப டிரஸ்டுக்கு வருவோம். அடிப்படை ஒன்றுதான், ஆனால் டிரஸ்ட் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தால் இழப்பீடு உங்கள் கைக்கு வராது. டிரஸ்டின் நிதிக்குத்தான் திரும்பிச் செல்லும். முதலீட்டுக் குறைகளில் நட்டத்தை நிரூபிப்பது இன்னும் கடினம். நெஸ்லே எதிர் நேஷனல் வெஸ்ட்மின்ஸ்டர் வங்கி வழக்கில் 1922இல் சுமார் 54,000 பவுண்டாக இருந்த டிரஸ்ட் 1986இல் 269,203 பவுண்டாக மட்டுமே வளர்ந்திருந்தது. ஒழுங்காக நடத்தியிருந்தால் பத்து லட்சத்தைத் தாண்டியிருக்கும் என்றார் பயனாளி. வங்கி தன் முதலீட்டு அதிகாரத்தையே தவறாகப் புரிந்துகொண்டிருந்தது என்று தெரிந்தும் வழக்குத் தோற்றது, நட்டம் நிரூபிக்கப்படாததால். மாறாக, 1980இல் பார்ட்லெட் வழக்கில், டிரஸ்டின் கையில் ஒரு கம்பெனியின் 99.8 சதவீதப் பங்கு இருந்தும் அதன் இயக்குநர்கள் நிலத்தில் சூதாடியதைக் கேளாமல் இருந்த வங்கி பொறுப்பாக்கப்பட்டது. கட்டணம் வாங்கித் தொழிலாகச் செய்யும் டிரஸ்டியிடம் கூடுதல் திறமையை எதிர்பார்ப்பது முறையே.

உறவினர் டிரஸ்டிகள் அடிக்கடி சொல்லும் சமாதானம், ‘எல்லாவற்றையும் பெரியண்ணன்தான் பார்த்துக்கொண்டார், நான் கையெழுத்து மட்டும் போட்டேன்’ என்பது. 1886ஆம் ஆண்டு பாஹின் எதிர் ஹியூஸ் தீர்ப்பிலிருந்தே அது செல்லாது. டிரஸ்டிகள் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. டிரஸ்ட் பத்திரத்தில் பொறுப்பு விலக்கு வாசகம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நேர்மையின்மை தவிர மற்ற எதற்கும், பெரும் கவனக்குறைவுக்கும்கூட, விலக்கு எழுதிக்கொள்ளலாம் என்று 1997இல் ஆர்மிட்டேஜ் எதிர் நர்ஸ் தீர்ப்பு அனுமதித்தது. சம்பளம் வாங்கும் டிரஸ்டிக்கும் இந்தச் சலுகை கிடைப்பது எனக்கு உடன்பாடில்லாத ஒன்று.

டிரஸ்டியோ அதன் சொலிசிட்டரோ தன் பதவியால் லாபம் அடைந்திருந்தால் நட்டக் கணக்கே வேண்டாம். போர்ட்மன் எதிர் ஃபிப்ஸ் வழக்கில் டிரஸ்டின் சொலிசிட்டர் நேர்மையாகவே நடந்தார், டிரஸ்டுக்கும் லாபம் வந்தது; ஆயினும் அவர் தமக்காக ஈட்டியதை ஒப்படைக்க வேண்டும் என்று 1966இல் பிரபுக்கள் சபை, மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில், தீர்த்தது. உழைப்புக்குத் தாராளமான ஊதியம் மட்டும் அனுமதித்தார்கள்.

தீர்ப்பு வாங்கினாலும் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் முன்பே எண்ண வேண்டும். சொலிசிட்டர் அலுவலகங்களுக்குக் கட்டாயக் காப்பீடு உண்டு: ஒவ்வொரு கோரிக்கைக்கும் குறைந்தது 20 லட்சம் பவுண்டு, கம்பெனியாக நடத்தினால் 30 லட்சம். பங்குதாரர் ஒருவர் திருடினால் குற்றமற்ற மற்றவர்களின் பொறுப்பைக் காப்பீடு தாங்கும். தனியாக அலுவலகம் நடத்துகிறவரே திருடினால் தாங்காது. அப்போது சொலிசிட்டர் ஒழுங்குமுறை அமைப்பின் இழப்பீட்டு நிதிக்கு விண்ணப்பிக்கலாம். அது உரிமையாகக் கேட்டுப் பெறுவதன்று, அவர்கள் விருப்பப்படி தருவது; உச்ச வரம்பு 500,000 பவுண்டு. வழக்கறிஞரிடம் ஓடுவதற்கு முன், சிறிய தொகை என்றால் லீகல் ஆம்புட்ஸ்மன் (சட்டச் சேவை பற்றிய புகார்களை விசாரிப்பவர்) 50,000 பவுண்டு வரை உத்தரவிடலாம் என்பதை நினைவில் வையுங்கள். வழக்கில் தோற்றால் மறுதரப்புச் செலவும் உங்கள் தலையில் விழக்கூடும்.

காலவரம்பை உடனே பார்த்துவிடுங்கள். 1980ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி பொதுவாக மீறல் நடந்ததிலிருந்து ஆறு ஆண்டுகள். டிரஸ்டியே மோசடியில் பங்குகொண்டிருந்தாலோ, டிரஸ்ட் சொத்து இன்னும் அவர் கையில் இருந்தாலோ வரம்பு இல்லை; பிற்காலத்தில்தான் பங்கு கைக்கு வரும் பயனாளிக்கு அது வரும்வரை காலம் ஓடாது. ஆறாம் ஆண்டு நெருங்கியிருந்தால், ஓடும் காலத்தை நிறுத்தி வைக்க மறுதரப்பிடம் எழுத்து உடன்படிக்கை கேளுங்கள். மறுத்தால் அன்றே வழக்கைத் தாக்கல் செய்துவிட்டு, மேலே சொன்ன காகிதங்களைப் பிறகு திரட்டுங்கள்.