கோய் மீனுக்கு மார்கழிக் குளிர் தாங்காதா?

கேள்வி: ஐயா, கொல்லையில் சிமெண்ட் தொட்டி கட்டி 5,000 லிட்டர் தண்ணீரில் கோய் மீன் வளர்க்கிறேன். மார்கழி பிறந்ததிலிருந்து மீன்கள் மந்தமாக இருக்கின்றன, விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வெளிநாட்டில் கோய் குளத்தை கேஸ் ஹீட்டர் வைத்துச் சூடேற்றுகிறார்களாமே, எங்கள் வீட்டில் பழைய கேஸ் கீசர் ஒன்று சும்மா கிடக்கிறது, பம்ப் வைத்துத் தொட்டித் தண்ணீரை அதன் வழியாகச் சுற்ற விடலாமா?
– வாசகர், பாபநாசம்

பதில்: வேண்டாம் தம்பி, கீசர் கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும். கோய் கெண்டை ஜாதி. அதை அழகு மீனாக வளர்த்தெடுத்தது ஜப்பானில் பனி கொட்டித் தீர்க்கும் நீகாட்டா மலைக்கிராமங்களில்தான். மேலே ஐஸ் மூடிக்கிடந்தாலும் அடியில் 4 டிகிரித் தண்ணீரில் அசையாமல் கிடந்து தாக்குப்பிடிக்கிற மீன் அது. நம் பக்கம் மார்கழி, தை விடியலில் 20 டிகிரியை ஒட்டி இருந்தாலே நாம் போர்வையைத் தேடுகிறோம், கோய்க்கு அது சுகமான சூடு.

பிரிட்டன் மாதிரி நாடுகளில் கேஸ் பாய்லர் வைப்பது உண்மைதான், குளிர் மாதங்களிலும் மீன் தின்று வளர வேண்டும் என்பதற்காக. ஆனால் முறையாகச் செய்கிறவர்கள் குளத்துத் தண்ணீரை பாய்லருக்குள் விடுவதில்லை. பாய்லரில் தனித் தண்ணீர் சுடும், அதன் சூடு டைட்டானியம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்ச் சுவர் வழியாகத்தான் குளத்துக்கு வரும். உங்கள் கீசரில் பெரும்பாலும் செம்புக் குழாய் இருக்கும், ராத்திரி முழுக்க அதே தண்ணீர் அதில் சுற்றினால் செம்பு கரைந்து கரைந்து சேரும், கொஞ்சம் சேர்ந்தாலே மீனின் செவுளைப் பதம் பார்த்துவிடும்.

செலவையும் பாருங்கள். 5,000 லிட்டரை 5 டிகிரி ஏற்ற, வீணாவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 3 கிலோ கேஸ் வேண்டும். 14.2 கிலோ சிலிண்டர் ஐந்து ராத்திரிகூடத் தாங்காது. திறந்த தொட்டி, ஏற்றின சூடு விடிவதற்குள் பாதிக்கு மேல் போய்விடலாம். இதில் காற்றைவிடக் கனமான கேஸ் கசிந்தால் பள்ளத்தில் போய்த் தங்கும், மூடிய ஷெட்டுக்குள் வைத்தால் கார்பன் மோனாக்சைடு பயம் வேறு.

சரி, மீன் ஏன் மந்தம்? விடியற்காலையில் வாயைத் திறந்து மூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். தொட்டித் தண்ணீர் பச்சையாக இருக்கிறதா? பகலில் பிராணவாயு விடுகிற பாசி, ராத்திரியில் அதை இழுக்கும், விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் காற்று ஆகக் குறைவு. இன்று சாயங்காலமே ஏர் பம்ப் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். மறுநாள் விடிந்ததும் மீன் மேலே வராமல் இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. அப்படியும் தேறாவிட்டால் மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் அம்மோனியாவைச் சோதித்துப் பாருங்கள், அந்த டெஸ்ட் கிட் மீன் கடையிலேயே கிடைக்கும். தீனியைப் பாதியாகக் குறையுங்கள், தின்னாமல் மிதப்பதை வலை போட்டு எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைத் தண்ணீர் தொட்டியில் விழுந்திருந்தால் ஐந்தில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். போர் தண்ணீர் அந்த நேரத்தில் வெதுவெதுப்பாகவே வரும், ஆனால் அதில் காற்று குறைவு, நேராகக் குழாயை முக்காமல் உயரத்திலிருந்து பூவாளி மாதிரி தூவி விழ விடுங்கள். ஹீட்டருக்கு எடுத்து வைத்த காசை நல்ல ஏர் பம்புக்கும், கரண்ட் போனால் ஓட ஒரு பேட்டரிக்கும் போடுங்கள்.

கேள்வி: கண்ணாடித் தொட்டியில் கோய் குஞ்சுகள் மேல் உப்புத் தூவினது போல வெள்ளைப் புள்ளி. சுடுதண்ணீர் ஊற்றலாமா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: கொதித்த தண்ணீரை ஊற்றாதீர்கள் அம்மா, அந்த அதிர்ச்சியிலேயே குஞ்சு போய்விடும். இங்கே ஹீட்டர் நிஜமாகவே உதவும், ஆனால் கேஸ் வேண்டாம், தெர்மோஸ்டாட் உள்ள மின்சார ஹீட்டர், 100 லிட்டருக்கு 100 வாட் போதும். நாளைக்கு ஓரிரு டிகிரியாக ஏற்றி 30-இல் நிறுத்துங்கள். இந்த வெள்ளைப் புள்ளியை உண்டாக்குகிற கிருமி சூட்டில் மீனைவிட்டுச் சீக்கிரம் தண்ணீருக்கு இறங்கும், அங்கே உப்பு அதைப் பிடிக்கும். லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பைத் தனியே கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். சூடேறினால் தண்ணீரில் காற்று நிற்காது, அதனால் ஏர் பம்பை நிறுத்தவே கூடாது. புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் இதைத் தொடருங்கள், தண்ணீருக்குள் கை விடுமுன் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.